விட்டுக்கொடுத்தலுக்கு விலை உண்டா?

டிசம்பர் மாதத்தின் ஓர் இரவு. தில்லி விமான நிலையத்தில், கொல்கத்தா செல்லும் கடைசி விமானத்துக்காகப் பயணிகள் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் இருக்கைகள் 180. பயணச்சீட்டுடன் வந்திருப்பவர்கள் 181 பேர். வாயிலில் நிற்கும் ஊழியர் ஒலிபெருக்கியில் பணிவோடு அறிவிக்கிறார்: யாரேனும் ஒருவர் மனமுவந்து தம் இடத்தை விட்டுக்கொடுத்தால், மறுநாள் முற்பகல் விமானத்தில் அனுப்பி வைக்கப்படுவார்; இரவு தங்குமிடமும் உணவும் தரப்படும்; அதற்கு மேல் ஒரு தொகையும் உண்டு.

அறிவிப்பு முடிந்ததும் ஒரு கணம் அமைதி. சிலர் கைபேசியை முன்னிலும் கூர்ந்து பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு மாணவன் அந்தத் தொகையைத் தன் விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறான். மறுநாள் காலை அவனுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அவசர வேலை எதுவும் இல்லாத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ‘யாராவது முன்வருவார்கள்’ என்று எண்ணிக் கண்களை மூடிக்கொள்கிறார். கடைசியாக வந்து சேர்ந்த பெண்மணி மட்டும் கவலையோடு சுற்றும் முற்றும் பார்க்கிறார். மருத்துவமனையில் கிடக்கும் தந்தையைக் காண அவர் போய்க்கொண்டிருக்கிறார். ஒருவரும் முன்வராவிட்டால், கடைசியாக வந்த தம்மையே நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு.

பணம் பெற்றுக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுப்பது தர்மமா, வியாபாரமா? வியாபாரம் என்றால், அறத்தை நாடுபவருக்கு அதில் சிந்திக்க என்ன இருக்கிறது?

இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டுகளை விற்பது விமான நிறுவனங்களின் நெடுநாள் வழக்கம். சீட்டு வாங்கியவர்களில் சிலர் வருவதில்லை. கதவை மூடிய பிறகு காலியாகக் கிடக்கும் இருக்கையை யாருக்கும் விற்க முடியாது. நாளைக்கென்று எடுத்து வைக்கவும் முடியாது. ஆகவே, எத்தனை பேர் வராமல் போவார்கள் என்று கணக்கிட்டு அத்தனை சீட்டுகளைக் கூடுதலாக விற்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் கணக்குச் சரியாக இருக்கும். தவறும் நாளில் ஒருவர் வாயிலில் நிற்பார். உறுதி செய்யப்பட்ட பயணம் என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த உறுதியில் ஒரு பங்கைச் சூதாட்டமாக வைத்திருப்பது நேர்மைதானா என்று கேட்டால், நிறுவனங்கள் கட்டணக் குறைவைக் காரணம் காட்டும். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சொன்ன சொல் மீறப்பட்டது என்பதை அது மாற்றிவிடாது.

அமெரிக்காவில் முற்காலத்தில், இடமில்லாதபோது யாரை நிறுத்துவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்தன. முதியவர்களும் படைவீரர்களும் அதிகம் முறையிட மாட்டார்கள் என்ற எண்ணத்தில் அவர்களையே தேர்ந்தெடுத்து நிறுத்தியதும் உண்டு என்று பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் எழுதியிருக்கிறார். எதிர்க்க மாட்டாதவன் தலையில் சுமையை ஏற்றும் பழக்கம் விமானத்தோடு பிறந்ததல்ல. வீட்டிலும் அலுவலகத்திலும் அன்றாடம் நடப்பதுதான். 1968-இல் சைமன் ஒரு மாற்று வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். எவ்வளவு ஈடு கிடைத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கச் சம்மதம் என்பதை ஒவ்வொரு பயணியும் உறைக்குள் எழுதித் தரட்டும். மிகக் குறைவாகக் கேட்டவருக்கு அதைக் கொடுத்து, மற்றவரைப் பறக்கவிடலாம் என்பது அவர் யோசனை. நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

1972 ஏப்ரலில் வேறொன்று நிகழ்ந்தது. நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நாடர், வாஷிங்டனிலிருந்து ஹார்ட்ஃபோர்டு நகருக்கு ஒரு கூட்டத்தில் பேசப் புறப்பட்டார். உறுதியான சீட்டு இருந்தும் இடமில்லை என்று நிறுத்தப்பட்டார். ஒதுங்கிப் போகிறவர்களில் ஒருவரல்ல அவர். வழக்குத் தொடுத்தார். அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அளவுக்கு மிஞ்சி விற்கும் வழக்கத்தைப் பயணியிடம் மறைத்ததற்காக வழக்காட அவருக்கு உரிமை உண்டு என்று 1976-இல் தீர்ப்பாயிற்று. 1978-இல், ஆல்ஃபிரட் கான் என்னும் பொருளாதார அறிஞர் விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராக இருந்தபோது, முதலில் மனமுவந்து முன்வருபவர்களைத் தேட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010-இல் இத்தகைய விதியைக் கொண்டுவந்தது. முன்வருவோர் இல்லாமல் ஒருவரைக் கட்டாயமாக நிறுத்தினால் தரவேண்டிய இழப்பீட்டை 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் உயர்த்தியது. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கிடைத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல் இரு மடங்கு, 10,000 ரூபாய்க்கு மிகாமல். அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய்க்கு மிகாமல் என்று அது வகுத்தது.

சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. மனத்தின் வேலை அதோடு முடிவதில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈடு பெற்றுக்கொண்டு இடத்தைத் தருவது தியாகம் அன்று. அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்பவர் தியாகம் என்ற சொல்லையே மலிவாக்குகிறார். திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக வைத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது அந்த வைப்பிலேயே புலனாகிறது. இருக்கையைத் தருபவரின் செயல் ஈகையாகாது. ஆனால் உடன் வாழ்பவர்களின் நிலையறிந்து நடப்பதாகிய ஒப்புரவுக்கு அதில் இடமுண்டு.

அப்படியானால், நல்ல மனமுடையவர் பணத்தை மறுத்துவிட வேண்டுமா? மறுப்பதனால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு விரையும் பெண்மணிக்கு அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. வாக்குத் தவறிய நிறுவனத்துக்குத்தான் மிச்சம். பணத்தை மறுப்பது பார்வைக்கு உயர்ந்த செயல்போலத் தோன்றும். உண்மையில் அது தவறு செய்தவருக்கு அளிக்கும் நன்கொடை. பெற்றுக்கொள்வதில் இழிவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஈட்டுத் தொகையை ஏற்றிக்கொண்டே போகும் ஏலம், நேரம் மிகுந்தவரைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லப்படுகிறது. பல வேளைகளில் அது பணத்தேவை மிகுந்தவரையே கண்டுபிடிக்கிறது. அந்த மாணவன் எழுந்தால், ‘மனமுவந்து முன்வந்தவர்’ என்றுதான் ஏட்டில் பதிவாகும். அவன் உவந்து தரவில்லை. விடுதிக் கட்டணம் அவன் கையை உயர்த்தியிருக்கிறது. தேர்வை இழந்த துயரம் அந்த ஏட்டில் ஏறாது. பசித்தவனிடம் பேரம் பேசிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று சட்டம் ஏற்கலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் அவ்வாறே ஏற்றுக்கொண்டால், அவருக்குக் கண்ணிருந்து என்ன பயன்?

இன்னொரு தரப்பினர், கூட்டம் மிகுந்த நாட்களில் வேண்டுமென்றே சீட்டு எடுத்து, இடத்தை விட்டுக்கொடுத்து ஈடு சேர்ப்பதை ஒரு திறமையாகவே வளர்த்துக்கொள்கிறார்கள். குற்றமென்று சொல்வதற்கில்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை.

யாரும் எழாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவிலிருந்து லூயிவில் நகருக்குப் புறப்படவிருந்த விமானத்தில், பயணிகள் அமர்ந்த பிறகு, நிறுவனத்தின் பணியாளர்களுக்காக நான்கு இருக்கைகள் தேவைப்பட்டன. ஈடு 800 டாலர் வரை உயர்ந்தது. ஒருவரும் முன்வரவில்லை. நிறுவனமே நால்வரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவரான 69 வயது மருத்துவர், நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி எழ மறுத்தார். பாதுகாவலர்கள் அவரை இருக்கையிலிருந்து இழுத்து, தரையோடு இழுத்துச் சென்றனர். முகத்தில் இரத்தம். சுற்றியிருந்தவர்கள் பதறினார்கள், கண்டித்தார்கள், கைபேசியில் படம் பிடித்தார்கள். பின்னர் அந்நிறுவனம் ஈட்டின் உச்ச வரம்பை 10,000 டாலராக உயர்த்தியது.

குற்றம் நிறுவனத்தினுடையது, அதில் ஐயமில்லை. அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் என்னென்ன அவசரம் இருந்தது என்பது தெரியாத நிலையில் அவர்களைக் குறை கூறுவதும் நியாயமாகாது. ஆயினும் அந்நிகழ்ச்சி ஒன்றை வெளிச்சமாக்குகிறது. ஏலம் நடக்கும்போது மனம் தொகையையே பார்க்கிறது: போதுமா, இன்னும் ஏறுமா? யாரும் எழாவிட்டால் இறக்கப்படப் போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அது பார்ப்பதில்லை. அவருக்கு இன்னும் முகமில்லை. முகம் தெரிந்தபின் பதறுகிறோம். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

முகம் தெரியுமுன்பே அந்த மனிதரை எண்ணிப் பார்ப்பவர் முதல் அறிவிப்பிலேயே எழுவார். தொகை ஏறட்டும் என்று காத்திருக்க மாட்டார். அவர் கையில் வாங்குவது பேரம் பேசியவர் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தக் குறைவையும் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கொடுத்தது அதுவன்று. கட்டாயத்தால் நிறுத்தப்பட இருந்தவரை மட்டுமல்லாமல், வறுமையால் எழ இருந்தவனையும் அவர் எழவிடாமல் காத்துவிடுகிறார்.

ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. விட்டுக்கொடுப்பவருடைய நேரம் அவருக்கு மட்டுமே உரியதா? வீட்டில் சமைத்து வைத்துக் காத்திருப்பவர்களின் இரவை எடுத்து வேறொருவருக்கு வழங்கும் தாராளம் சிலரிடம் உண்டு. ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்து, வீட்டாரை மட்டும் காக்க வைப்பவர்களை அறியாதார் யார்?

தில்லியின் அந்த வாயிலில் இரண்டாம் அறிவிப்பு இன்னும் வரவில்லை. மாணவன் பையின் வாரைப் பிடித்தபடி பாதி எழுந்திருக்கிறான். ஆசிரியர் கண்களைத் திறந்து அவனைப் பார்க்கிறார். எழுந்து ஊழியரிடம் செல்கிறார். நாளை முற்பகல் இடம் உறுதிதானா, இரவு தங்குவது எங்கே என்று கேட்டு, அதை எழுத்தில் தரும்படி சொல்கிறார். பிறகு ஒரு நிமிடம் பொறுக்குமாறு கையசைத்துவிட்டுக் கொல்கத்தாவிலிருக்கும் மகளை அழைக்கிறார். நள்ளிரவில் தந்தையை அழைத்துச் செல்வதற்காக அவள் விமான நிலையம் வருவதாக இருந்தது. மணி ஒலிக்கிறது. மாணவன் மறுபடி அமர்ந்துவிட்டான்; கடைசியாக வந்த பெண்மணி கையிலிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.