கை இருக்கிறது, வீடு இருக்கிறது, இன்னும் என்ன தயக்கம்?

"கொஞ்சம் காசு சேரட்டும், அப்புறம் வீட்டைச் சரிபண்ணலாம்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பொங்கலைக் கழித்துவிட்டோம்! மகள் கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கலாம், மகன் வேலைக்குப் போனதும் டைல்ஸ் போடலாம், கடன் அடைந்ததும் திரைச்சீலை வாங்கலாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போடுகிறோம். காரை பெயர்ந்த அந்தச் சுவரைப் பார்த்தபடியே பிள்ளைகள் வளர்ந்து, படித்து, வீட்டை விட்டே போய்விடுகிறார்கள்.

அழகு வசதி படைத்தவர்களின் சொத்து என்று உங்களிடம் யார் சொன்னது? எந்தப் பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கிறது? வீட்டில் நான்கு பேர் என்றால் எட்டுக் கைகள். அந்த எட்டுக் கைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து இறங்கட்டும். உங்கள் கூடம் மாறும். கூடத்தை மாற்றியவர்கள் பழைய ஆட்களாக மறுநாள் எழுந்திருக்க மாட்டார்கள்!

"என்னால் முடியும்" என்று நூறு முறை சொன்னாலும் மனம் நம்பாது. மனம் சாட்சி கேட்கும். நீங்களே பட்டி பார்த்து, நீங்களே வண்ணம் அடித்த சுவர்தான் அந்தச் சாட்சி. காலையில் கண் விழித்ததும் எதிரே நிற்கும். சோர்ந்து வீடு திரும்பும் மாலையிலும் நிற்கும். அதை மறுத்துப் பேச எவராலும் முடியாது.

வீட்டுச் சுவரில் தொடங்கியவர்கள்

பீகாரின் மிதிலைப் பகுதியைப் பாருங்கள். அங்கே பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மண்வீடுகளின் உட்சுவர்களில் சித்திரம் எழுதி வந்தார்கள். அரிசி மாவு, விளக்குக் கரி, மஞ்சள், ஒரு மூங்கில் குச்சி. அவ்வளவுதான் அவர்கள் கையிலிருந்த முதலீடு. 1934 சனவரியில் பெரும் நிலநடுக்கம் வந்து வீடுகள் இடிந்தன. சேதத்தைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், இடிபாடுகளுக்குள் நின்ற சுவர்களில் அந்த ஓவியங்களைக் கண்டு திகைத்துப்போனார். 1960களின் நடுவில் அங்கே கடும் வறட்சி வந்தபோது, அகில இந்தியக் கைவினை வாரியம் அந்தப் பெண்களின் கையில் பிழைப்புக்கு வழியாகத் தாளைக் கொடுத்தது. சுவரில் பழகிய கை தாளில் தயங்குமா? 1975இல் ஜகதம்பா தேவி பத்மஸ்ரீ பெற்றார். சீதா தேவியும் கங்கா தேவியும் பின்னாளில் பெற்றார்கள். தங்கள் வீடு அழகாக இருக்க வேண்டும் என்று விரும்பி, யாரும் பார்க்காத அறையில் கோடு இழுத்தவர்கள் இவர்கள்!

இன்னொருவர் நேக் சந்த். சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். 1957 வாக்கில், வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில், உடைந்த வளையல், பீங்கான் சில்லு, தூக்கி எறிந்த கட்டடக் கழிவு ஆகியவற்றைச் சுமந்துபோய் ஒரு காட்டுப்பகுதியில் சிலைகள் செய்யத் தொடங்கினார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அது ரகசியமாகவே நடந்தது. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, அந்த இடம் முழுக்கச் சிற்பங்கள்! 1976இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று உலகம் அதைப் பாறைத் தோட்டம் என்று தேடி வந்து பார்க்கிறது. ஊர் குப்பை என்று எறிந்ததை அவர் பொருள் என்று பார்த்தார். அந்தப் பார்வைக்கு விலை உண்டா? எந்தக் கடையிலாவது அது கிடைக்குமா? அது உங்கள் கண்ணிலேயே இருக்கிறது. திறவுங்கள்!

முதலில் சுவர்

வண்ணம் வாங்க ஓடுமுன் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஓதம் இருக்கிறதா? குளியலறைக் குழாய் கசிகிறதா, மொட்டை மாடியில் வெடிப்பா என்று தேடி, அடைத்து, சுவரைக் காயவிடுங்கள். நோயை உள்ளே வைத்து மேலே பூசும் எந்த வண்ணமும் அடுத்த மழையில் உரிந்து விழும். உண்மையை எதிர்கொள்கிற துணிச்சல்தான் முதல் பூச்சு.

பழைய சுண்ணாம்புச் சுவரா? சுண்ணாம்பையே நம்புங்கள். சுட்ட கிளிஞ்சலையோ கல் சுண்ணாம்பையோ இரும்பு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் கொதித்து நீறும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைகள் எட்ட நிற்கட்டும். ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பசையும் துளி நீலமும் கலந்துகொள்ளுங்கள். சுவரை நனைத்துவிட்டு நீர்க்க அடியுங்கள். கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் உதிரும். நீர்க்க மூன்று பூச்சு அடித்தால் நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, அந்தப் பூச்சு நாளாக நாளாகச் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகும்.

ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், பட்டி பாருங்கள், பிரைமர் ஒரு பூச்சு, வண்ணம் இரண்டு பூச்சு. 10 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர் 100 சதுர அடி. நான்கு சுவருக்கும் விலை கூடிய வண்ணம் எதற்கு? மூன்று வெள்ளையாக இருக்கட்டும். ஒன்றுக்கு மட்டும் நீங்கள் ஆசைப்பட்ட மஞ்சளோ பச்சையோ அடியுங்கள். அறையே நிமிர்ந்து நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதைச் சுரண்டினாலும் தேய்த்தாலும் நனைத்தே செய்யுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துணிவு வேறு, அலட்சியம் வேறு.

கையருகே இருக்கும் செல்வம்

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், குறைந்த செலவில் அழகான வீடுகளைக் கட்டிக் காட்டினார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு எழ வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவரை வழிநடத்தியது. அவருடைய சுவர்களில் பதிந்த பழைய பாட்டில்கள் வண்ண ஒளியை உள்ளே கொண்டு வந்தன. நீங்களும் உங்கள் ஐந்து மைலைத் தேடுங்கள்!

டைல்ஸ் கடையின் பின்பக்கம் போய்க் கேளுங்கள். உடைந்தவையும் மிஞ்சியவையும் மலிவாகக் கிடைக்கும். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். திண்ணையிலோ துளசி மாடத்திலோ சிமென்ட் கலவை பரப்பி, சில்லுகளைப் பதித்து, இடுக்குகளை வெள்ளைச் சிமென்ட்டால் நிரப்பித் துடையுங்கள். சில நாள் தண்ணீர் விட்டு இறுக விடுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைச் சில்லுகளாகவே பதித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழறை கோடையில் குளிரும்.

பீரோவைத் திறவுங்கள். உடுத்தாமல் கிடக்கும் சுங்குடிச் சேலை ஒன்று இருக்கும். ஆறு கஜம் என்பது 18 அடி. 7 அடி வாசலுக்கு மடிப்போடு ஏழரை அடி வீதம் இரண்டு திரை வெட்டலாம். மிஞ்சும் 3 அடியில் இரண்டு தலையணை உறை. அம்மாவின் சேலை வாசலில் ஆடும் அழகுக்கு எந்தக் கடைத் திரை ஈடாகும்? தரைக்குக் கோரைப்பாய் ஒன்றோ பவானி ஜமுக்காளம் ஒன்றோ போதும். எண்ணெய் டின்னின் அடியில் துளையிட்டு, வெளியே வண்ணம் பூசி, கற்றாழையும் மணி பிளான்டும் வையுங்கள்.

வாடகை வீடா? ஆணி அடிக்க முடியாதா? திரை, பாய், செடி, கோலம் இவற்றுக்கு எந்த உரிமையாளரின் அனுமதி வேண்டும்? இன்று இருக்கும் கூரைதான் இன்றைய வீடு. சொந்த வீடு வரும்வரை வாழாமல் காத்திருப்பீர்களா?

எல்லோரும் இறங்குங்கள்

இதை அம்மா ஒருத்தியின் தலையில் கட்டாதீர்கள். அப்பா சுவரைத் தேய்க்கட்டும். மகன் திரை தைக்கப் பழகட்டும். மகள் ஏணியில் ஏறி உச்சியில் வண்ணம் அடிக்கட்டும். பாட்டி எந்த நிறம் என்று தீர்ப்புச் சொல்லட்டும். முதல் சுவரில் தூரிகைத் தடம் தெரியும். தெரியட்டும்! இரண்டாம் சுவரில் கை திருந்தும். மூன்றாவதில் பக்கத்து வீட்டார் வந்து யோசனை கேட்பார்கள்.

தன் வீட்டுச் சுவரைத் தானே மாற்றிய பிள்ளை, நாளை தெரியாத வேலை எதிரே வரும்போது "கற்றுக்கொண்டு செய்வேன்" என்று சொல்லும். நேர்முகத் தேர்விலும் சொல்லும், புதிய தொழிலிலும் சொல்லும், வாழ்க்கை தலைகீழாகப் புரண்ட நாளிலும் சொல்லும். சொத்து எழுதி வைக்க முடியவில்லையே என்று கலங்கும் பெற்றோர்களே, இதைவிடப் பெரிய சொத்து எது?

ஆகவே நாள் பார்க்காதீர்கள், நேரம் பார்க்காதீர்கள். இன்றிரவு எல்லோரும் கூடி உட்கார்ந்து ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். அளவெடுங்கள், செலவை எழுதுங்கள், யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, உப்புத்தாளோடு அந்தச் சுவர் முன் நில்லுங்கள். தேய்க்கத் தொடங்குங்கள்!