காணாததை அளப்பது

கொலஸ்ட்ராலுக்கு நிறம் இல்லை. அது தானாக ஒளிர்வதும் இல்லை. ஆனாலும் ரத்தத்தில் அது இவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் எண் கொடுத்துவிடுகிறது. காணாத ஒன்றை அறிந்துவிட்டதாகச் சொல்ல என்ன உரிமை? காட்சி ஒன்றே அளவை, அதாவது அறியும் வழி, என்ற உலகாயதர் அன்றே கேட்ட கேள்விதான் இது.

கொலஸ்ட்ராலை அளக்கும் ஒளிர்வு உணரியில் நடப்பது இதுதான். ரத்தக் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி கொழுப்பு அமிலத்தோடு பிணைந்திருக்கும். எஸ்டரேஸ் நொதி அந்தப் பிணைப்பை வெட்டுகிறது. விடுபட்டதைக் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் ஆக்சிஜனேற்ற, ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. குதிரை முள்ளங்கியிலிருந்து எடுத்த பெராக்சிடேஸ், அதைக் கொண்டு நிறமற்ற ஒரு சேர்மத்தை ரெசோருஃபினாக மாற்றுகிறது. 570 நானோமீட்டர் ஒளி பட்டால் ரெசோருஃபின் சுமார் 585-இல் ஒளிரும். கருவிக்குத் தெரிவது அந்த ஒளி மட்டுமே. அதற்குள் கொலஸ்ட்ராலே வேறு பொருளாகியிருக்கும்.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்சி, கருத்து (அனுமானம்) என்ற இரண்டு அளவைகளை ஏற்கிறார். மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதற்கு அடுக்களைதான் சான்று: அங்கே இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோம். உணரிக்கும் அப்படி ஓர் அடுக்களை உண்டு. அளவு தெரிந்த கொலஸ்ட்ரால் கரைசல்களை முதலில் அளந்து, ஒளிக்கும் அளவுக்கும் உள்ள உறவை வரைந்துகொள்கிறார்கள்.

நேரில் பார்த்தால் சந்தேகம் தீருமா? 1998-இல் வேதியியலாளர் சன்னி ஷியேயின் குழு இதே கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸின் தனித்தனி மூலக்கூறுகளைக் கவனித்தது. நொதிக்குள் இருக்கும் எஃப்.ஏ.டி. என்ற துணைக்காரணி ஒரு நிலையில் ஒளிரும், மறுநிலையில் அணையும். ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு வினைச்சுற்று. சுற்றுகளின் வேகம் சீராக இல்லை. ஒரு சுற்று மெதுவாக நடந்தால் அடுத்ததும் மெதுவாக நடக்கும் போக்கு தெரிந்தது. வியப்பான கண்டுபிடிப்பு! ஆனால் அங்கேயும் கண்டது ஒளியைத்தான். வினை நடந்தது என்பது கருதி அறிந்ததே. காட்சியை மட்டும் நம்புவேன் என்பவருக்கு இந்தச் சோதனையும் கைகொடுக்காது.

உண்மையான ஆபத்தை நியாய நூலார் சரியாகச் சுட்டினார்கள். நெருப்பைக் கண்டு புகையைக் கருதினால் தவறலாம். ஈர விறகு இருந்தால்தானே புகை வரும்? மறைந்திருக்கும் அந்த நிபந்தனையை உபாதி என்றார்கள். உணரியில் வைட்டமின் சி அப்படிப்பட்டது. ரத்த மாதிரியில் அது மிகுந்தால் பெராக்சைடு வீணாகி, ஒளி மங்கி, எண் குறைவாகக் காட்டும். மருந்து தேவைப்படும் ஒருவர் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார். அதனால் சில கிட்களில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் சேர்த்து வைட்டமினை முதலில் அகற்றுகிறார்கள். கொலஸ்ட்ராலால் வராத ஒளியும் கலந்திருக்கலாம் என்பதால், கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ் சேர்க்காத இன்னொரு குழாயையும் உடன் அளந்து, அதில் தெரியும் ஒளியைக் கழித்த பிறகே கொலஸ்ட்ராலின் அளவைக் கணக்கிடுகிறார்கள்.