உப்பில் வாழும் உயிர்கள்



உப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். அந்த நம்பிக்கையில்தான் இங்கே விழிதியூரிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கென்று கருவாடு வாங்கி வைக்கிறோம். ஆனால் ஈரம் பட்ட கருவாட்டில் சில வேளை இளஞ்சிவப்பு பூத்துவிடுகிறது. அது மீனின் இரத்தமன்று. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் கூட்டம்!

அவை வருவதே உப்போடுதான். நமக்குத் தெற்கே வேதாரண்யத்தில் பரந்து கிடக்கும் உப்பளங்களைப் போன்ற இடங்களே அவற்றின் தாயகம். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு. உப்பு விளையும் பாத்தியிலோ 25 பங்குக்கு மேல். அவ்வளவு உப்பு, சாதாரணக் கிருமியின் உடலிலுள்ள நீரை இழுத்து அதை வற்றடித்துவிடும். ஊறுகாய் கெடாதிருப்பதும் இதனால்தான். இவற்றுக்கோ அல்லாஹு தஆலா வேறு ஏற்பாடு செய்திருக்கிறான். ஹாலோபாக்டீரியம் என்னும் உயிர், பொட்டாசியம் உப்பைத் தன்னுள் நிறைத்துக்கொள்கிறது. உள்ளும் புறமும் சமமாகிவிட்டால் நீர் எப்படி வெளியேறும்? அதே பாத்தியில் வாழும் டுனாலியெல்லா என்ற நுண்பாசிக்கு வேறு வழி: அது கிளிசரினைத் தானே உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் வெயிலிலிருந்தே சக்தி எடுக்கும் ஊதாநிறப் புரதமும் ஹாலோபாக்டீரியத்திடம் உண்டு; 1971-ல் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கனியஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அதை வெளியிட்டார்கள். இத்தனை உறுதியான உயிரை நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துவிடும்! நமக்கு ரஹ்மத்தான நீர் அதற்கு மவுத்து. அவனுடைய குத்ரத்தை என்னவென்று சொல்வது!

அதற்காக, சிவந்த கருவாட்டையும் குத்ரத் என்று குழம்பில் போட வேண்டியதில்லை. அது இளகி, வாடை மாறிக் கெட்டுப்போகும் சரக்கு. நாம் வியாபாரிகளுக்குச் சொல்வது வேறு. சிவப்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடி காயவைத்து, நல்லதோடு கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த வரலாறு நமக்குத் தெரியாததா? அங்கே மழை நனைத்த தானியம். இங்கே உப்பில் சிவந்த மீன். உப்பின் மீது பழி போட்டுத் தப்ப முடியாது. நன்றாய்க் காயாததும், புழுக்கமான அறையில் அடுக்கியதும் நம் கை வேலை.

தாய்மார்கள் வாங்கும்போது கட்டை அவிழ்த்து நடுக் கருவாட்டைப் பாருங்கள். மேலே இருப்பது எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.