ஐயுறும் கை

பிறர் உயிர் தம் கையில் இருக்கும்போது ஒருவர் தம் அறிவை ஐயுறலாமா என்னும் வினா, அறிவின் இயல்பைப் பற்றியதாகவும் அறத்தைப் பற்றியதாகவும் ஒருசேர நிற்கிறது. ஐயமே அறியாத கை ஒரு பிழையை ஆயுள் முழுதும் செய்துகொண்டிருக்கக்கூடும். ஐயம் மிகுந்த கையோ செயல்பட வேண்டிய கணத்தில் நடுங்கிவிடும். இந்த இருபுறச் சிக்கலைத் தன் அன்றாட அலுவலாகவே கொண்ட கல்வித்துறை ஒன்று உண்டு. பேறு பார்க்கும் கலையைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதும், அக்கலையின் வழக்கங்களை ஆய்வுக்கு உட்படுத்துவதும் அதன் பணிகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1902ஆம் ஆண்டின் மருத்துவச்சியர் சட்டம் இத்தொழிலுக்குப் பயிற்சியையும் பதிவையும் நிறுவியது. மருத்துவமனைகளைச் சார்ந்த பள்ளிகளில் நடந்துவந்த அப்பயிற்சி 1990களில் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தது. லெஸ்லி பேஜ் பிரிட்டனின் முதல் மருத்துவச்சியியல் பேராசிரியராக அமர்ந்தார். ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தைத் தொழிலின் மதிப்பு உயர்ந்த வரலாறாக மட்டும் படித்தால், கையால் அறியப்படுவதைச் சொல்லால் எவ்வளவு தூரம் அறிய முடியும் என்று அதனுள் கிடக்கும் பழைய மெய்யியல் வினா கண்ணில் படாமல் போகும்.

அவ்வினாவுக்கு மருத்துவச்சியையே உருவகமாகக் கொண்டவர் சாக்ரடீஸ். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய 'தியேட்டிட்டஸ்' என்னும் உரையாடலில், தம் தாய் ஃபைனாரிட்டி ஒரு மருத்துவச்சி என்று கூறும் சாக்ரடீஸ், தாமும் அதே தொழிலைச் செய்வதாகவும், தம்மிடம் வருவோர் உள்ளத்தில் கருக்கொண்ட எண்ணங்களுக்குப் பேறு பார்ப்பதாகவும் விளக்குகிறார். அங்கே அவர் சொல்லும் இரண்டு செய்திகள் இங்கு முதன்மையானவை. ஒன்று, பேறு பார்க்கும் பணி பிள்ளை பெறும் பருவத்தைக் கடந்த பெண்களுக்கே உரியது, ஏனெனில் பட்டறியாத ஒன்றில் திறம் பெறும் ஆற்றல் மனித இயல்புக்கு இல்லை என்பது. மற்றொன்று, தம் தொழில் தாயின் தொழிலைவிட அரியது என்பது. பெண்கள் ஒருபோது மெய்யான குழந்தையையும் மற்றொருபோது போலியையும் பெறுவதில்லை. எண்ணங்களோ அப்படிப் பிறக்கின்றன, ஆகவே பிறந்தது மெய்யா போலியா எனச் சோதிக்கும் கடமை தமக்கே உண்டு என்று அவர் வாதிடுகிறார். பட்டறிவை மருத்துவச்சிக்கும் சோதனையை மெய்யியலாளருக்கும் பிரித்துக்கொடுத்த இப்பங்கீடு வெகுகாலம் கேள்வியின்றி நிலைத்தது.

பட்டறிவின் பக்கம் நிற்கும் நியாயம் சிறியதன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மைக்கேல் போலன்யி, நாம் சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கிறோம் என்னும் கருத்தை முன்வைத்து, அவ்வாறு சொல்லில் அடங்காமல் செயலில் மட்டும் வெளிப்படும் அறிவைத் தனி ஓர் அறிவுவகையாக நிறுவினார். அதைச் சொல்லா அறிவு எனலாம். வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையின் கிடப்பை உணர்வதும், வலியில் எழும் குரல் மாறுவதைக் கேட்டே பேறு நெருங்கியதை அறிவதும் அவ்வகையின. இவற்றை நூலில் எழுதலாம். எழுதியதைப் படித்தவர் கை அதனாலேயே அறிந்துவிடாது. ஆகவேதான் இத்துறையில் ஆசிரியர் என்பவர், தம் கை மாணவியின் கைக்கு அருகில் இருக்கும் காலம்வரை கற்பிப்பவராகவும், அதன்பின் விலகி நிற்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் சொல்லா அறிவுக்கு ஒரு குறை உண்டு, அது உள்ளிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத குறை. திறமையும் பழக்கமும் கைக்கு ஒரே மாதிரிதான் தோன்றும். ஆண்டுக்கணக்காக ஒன்றைச் செய்து நல்ல விளைவைக் கண்டவருக்கு, அது செய்யப்பட்டதால் நல்லது விளைந்ததா, செய்யாதிருந்தாலும் விளைந்திருக்குமா என்பதைப் பிரித்துக்காட்ட எந்த அனுபவமும் போதாது, ஏனெனில் செய்யாதிருந்த அனுபவம் அவருக்கு இல்லை. 20ஆம் நூற்றாண்டின் மருத்துவமனைகளில் பேற்றுக்கு வந்த பெண்களுக்கு மயிர் மழிப்பதும் எனிமா கொடுப்பதும் இவ்வாறுதான் வழக்கமாயின. தொற்றுத் தவிரும், பேறு விரையும் என்று நம்பப்பட்டது. மருத்துவச்சியான மோனா ராம்னி 1980, 1981 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் அந்நம்பிக்கைகளுக்கு ஆதரவு தரவில்லை.

இவற்றினும் ஆழமான வழக்கம் எபிசியோட்டமி. அதாவது, குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் பிறப்புவழியின் கீழ்விளிம்பைக் கத்தரித்து அகலப்படுத்துவது. தானாகக் கிழிவதைவிட ஒழுங்கான வெட்டு நன்கு ஆறும், பெருங்கிழிசலைத் தடுக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ரெடிங் நகரில் மருத்துவச்சி ஜெனிஃபர் ஸ்லீப் தலைமையில் நடந்து 1984இல் வெளியான மேற்கு பெர்க்‌ஷயர் ஆய்வு, 1,000 பெண்களைத் தற்செயல் ஒதுக்கீட்டின்படி, அதாவது எவருடைய விருப்பமும் தலையிடாமல் சீட்டு எடுப்பது போன்ற முறையில், இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவில் குழந்தையின் நலன் கருதியன்றி வெட்டுவதைத் தவிர்க்குமாறும், மற்றதில் கிழிசலைத் தடுக்கத் தாராளமாக வெட்டுமாறும் மருத்துவச்சியர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வெட்டப்பட்டோர் முதற்குழுவில் 10 விழுக்காடு, இரண்டாவதில் 51 விழுக்காடு. பெருங்கிழிசல் இரண்டிலும் அரிதாகவே இருந்தது. 10ஆம் நாளின் வலியிலும் பெரிய வேறுபாடு இல்லை. எக்காயமும் இன்றித் தப்பியவர்கள் முதற்குழுவில் மிகுதி. மருத்துவச்சிக்கு இல்லை என்று சாக்ரடீஸ் ஒதுக்கிய கடமையை இங்கே ஒரு மருத்துவச்சியே ஏற்றார். தன் தொழில் பெற்றெடுத்த ஓர் எண்ணத்தை எடுத்து, அது மெய்யா போலியா என்று பார்த்தார்.

இவ்விடத்தில் அறம் சார்ந்த மறுப்பு ஒன்று எழுவது இயல்பு. வலியில் இருக்கும் பெண்ணுக்குச் செய்யவேண்டியதைச் சீட்டு முடிவு செய்வது, அவள் வைத்த நம்பிக்கைக்குத் துரோகம் ஆகாதா என்பதே அம்மறுப்பு. எது நல்லது என்பதை உள்ளபடி அறிந்தவர் சீட்டெடுத்தால் அது துரோகமே. அறியாதவர் நிலை வேறு. ஆய்வுக்கு முன்பும் ஒரு பெண்ணுக்கு வெட்டு விழுமா விழாதா என்பதை அவள் சேர்ந்த மருத்துவமனையின் வழக்கமும், அன்று பணியிலிருந்தவரின் பழக்கமும் முடிவு செய்தன. அதுவும் ஒரு சீட்டுதான், எடுப்பவருக்கும் தெரியாத சீட்டு, எவருக்கும் எதையும் கற்பிக்காத சீட்டு. தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, அதைப் பெண்ணிடம் சொல்லி, அவள் இசைவுடன் விடை தேடுவது, அறியாததை அறிந்ததுபோல் நடந்துகொள்வதைவிட உண்மைக்கு நெருக்கமானது. உண்மையின்றிப் பரிவு நிலைக்காது.

சோதனை என்பது மரபைக் கவிழ்க்கும் கருவி மட்டுமே என்று கருதுவதும் பிழையாகும். பேற்றின் இறுதிக் கணத்தில் மருத்துவச்சியின் கை குழந்தையின் தலையை மெல்ல அழுத்தியும் கீழ்த்தசையைத் தாங்கியும் நிற்க வேண்டுமா, தொடாமல் ஆயத்தமாகக் காத்திருக்க வேண்டுமா என்னும் வினாவை, 5,471 பெண்கள் பங்கேற்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. 10ஆம் நாளில் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் கை தாங்கிய குழுவில் 31.1 விழுக்காடு, கை விலகிய குழுவில் 34.1 விழுக்காடு. வேறுபாடு சிறிது, எனினும் இம்முறை அது பழைய கையின் பக்கமே இருந்தது. இத்தகைய விடையும் பலரைப் பற்றியதே தவிர, கண்முன் கிடக்கும் ஒருத்தியைப் பற்றியதன்று என்பதால், எண்ணைக் கற்ற பிறகும் அவள் முகத்தைப் பார்க்கும் கடமை குறைவதில்லை.

இக்கல்விப் பணியின் கடினம் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. பேற்றறைக்கு அனுப்பப்படும் இளம் மாணவிக்குத் துணிவும் வேண்டும், ஐயமும் வேண்டும்; இரண்டையும் ஒரே கணத்தில் கொடுத்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும். ஆகவே ஆசிரியர் அவற்றுக்கு வெவ்வேறு காலத்தை வகுத்துத் தருகிறார். குருதி பெருகும் நேரத்தில் கை தான் கற்றதைத் தயங்காமல் செய்ய வேண்டும். அந்த இரவு கழிந்து, ஏட்டில் எழுதி, மற்றவரோடு அமர்ந்து பேசும்போது, செய்தது ஏன் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். தலைப்பிள்ளையைப் பறிகொடுக்கும் தாயைப் போல, போலி எண்ணத்தை இழப்பவர்கள் தம்மீது சீறுவதுண்டு என்று சாக்ரடீஸ் அதே உரையாடலில் சொல்கிறார். தன் கைப்பழக்கத்தைத் தானே சோதிக்கும் மருத்துவச்சியிடத்தில் பெற்றவரும் எடுப்பவரும் ஒருவரே. சீறுவதற்கு எதிரே எவரும் இல்லை. அந்த இழப்பைத் தாங்கப் பழகிய கையிடம்தான், தன் உடலை ஒப்படைக்கும் பெண் நியாயமாக நம்பிக்கை வைக்க முடியும்.