புறக்கூடத்தில் அமர்ந்தவர்கள்



கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில், பழைய அரண்மனையை அடுத்து, யூதர்களின் ஜெபக்கூடம் ஒன்றுண்டு. 1568-ல் எழுப்பப்பட்டது. பரதேசி ஜெபக்கூடம் என்பது அதன் பெயர். (பரதேசி என்றால் ஈண்டு இரந்துண்போர் அல்லர், அயல்நாட்டினின்று வந்தோர்.) அங்குச் செல்வோர் தரையில் பதித்த நீலச்சித்திரச் சீன ஓடுகளைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். நாம் காண வேண்டியது வாயிலை ஒட்டிய புறக்கூடம்.

அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களுக்கு அப்புறக்கூடமே இடமாயிருந்தது. அவர்களும் யூத மதத்தினரே. அதே ஓய்வு நாளை அனுசரித்தவர்களே. ஆயினும் உள்ளே ஆசனத்தில் அமரலாகாது, மறைச்சுருளை வாசிக்கலாகாது, பெண் கொடுத்தலும் கொள்ளலும் இல்லை. கொச்சி இராச்சியம் 1854-ல் அடிமை முறையை ஒழித்தது. அரசு ஒழித்ததை ஜெபக்கூடம் ஒழிக்கவில்லை. எகிப்தில் அடிமைப்பட்ட தம் முன்னோர் விடுதலை பெற்றதை ஆண்டுதோறும் பஸ்கா விழாவில் நன்றியோடு நினைவுகூர்ந்தவர்கள் இவர்கள்! எண்ணுங்கால் நமக்கு நகைப்பு வரவில்லை, அச்சமே வருகிறது. தம் அடிமைத்தனத்தை மறவாதோரும் பிறரை வாயிலில் நிறுத்தக் கூடுமன்றோ?

அவ்வாறு ஒதுக்கப்பட்டோர் குலத்தில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; கொச்சிச் சட்டசபையில் அங்கம் வகித்தார்; 1929-ல் லாகூர் காங்கிரசுக்கும் சென்றார். சட்டசபையில் ஆசனம் பெற்றவருக்குத் தம் ஜெபக்கூடத்தில் ஆசனமில்லை! காந்தியாரின் வழியைப் பின்பற்றி அங்கேயே சத்தியாக்கிரகம் தொடங்கினார். 'யூத காந்தி' என்ற பெயரும் பெற்றார். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. மறை வாசிக்கும் உரிமை 1940-களிலேதான் கிட்டிற்று. கடைசிவரை நின்ற தடை மணவினை. 1950-ல் அவர் மகன் உட்கூடத்தார் வீட்டுப் பெண்ணை மணந்தபோது, திருமணம் பம்பாயில் நடக்க வேண்டியதாயிற்று.

ஆலையில் உழைத்த நமக்கு இது புதிதன்று. பம்பாய் ஆலைகளில் அக்காலத்தில் நாடாவின் கண்ணில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. அந்த எச்சில் தீட்டாம்! தாழ்த்தப்பட்டோர் நெசவுப் பகுதியில் சேர்க்கப்படவில்லை. 1928-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதனை எடுத்துக் கேட்டார். தடுத்தவர்கள் முதலாளிமார் மட்டுமல்லர், உடனுழைத்த தொழிலாளரே.

பகவன் புத்தரிடம் சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தம் நாவிதர் உபாலிக்கே முதலில் துறவளிக்குமாறு வேண்டினர். முன்சேர்ந்தவரைப் பின்சேர்ந்தவர் வணங்குவது சங்க மரபு. தம் குலச்செருக்கு அடங்கட்டும் என்று அவர்களே விரும்பிக் கேட்டது அது. வேறெவரும் கட்டாயப்படுத்தவில்லை.

நம் சங்கத்தில் அனைவரும் ஒரே பாயில் அமர்கிறோம், மெய்தான். பஞ்சசீலமும் ஒரே குரலில் சொல்கிறோம். பெண் பார்க்கும் பேச்சு எழுந்தால் மட்டும், "பூர்வீகம் எந்த ஊர்? எந்தத் தெரு?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் முதலில் எழுகிறது. அக்கேள்வி எதைத் தேடுகிறதென்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.