திண்டுக்கல் கோட்டையும் அமெரிக்கச் சுதந்திரமும்

அமெரிக்கச் சுதந்திரப் போர் எங்கே நடந்தது? 'இதென்ன கேள்வி சார், அமெரிக்காவிலதான்!' என்பீர்கள். பாதி மார்க்தான் போடுவேன். மீதி பாதி கடலூரிலும் திண்டுக்கல்லிலும் கிடக்கிறது.

கதை இப்படிப் போகிறது. 1775-ல் அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார்கள். 1778-ல் பிரான்ஸ் அவர்களோடு சேர்ந்தது. உடனே இங்கிலாந்து, உலகத்தில் பிரெஞ்சுக்காரன் இருந்த இடத்தையெல்லாம் குறிவைத்தது. 1779-ல் கேரளக் கரையிலிருக்கும் மாஹியைப் பிடித்தார்கள். அந்தத் துறைமுகம் வழியாகத்தான் மைசூர் ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அவருக்குக் கம்பெனிமேல் வேறு கோபங்களும் உண்டு. ஆனால் மாஹி போனதும் பொறுமையும் போய்விட்டது. 1780-ல் பெரும்படையோடு மலையிறங்கி வந்தார். ஆற்காட்டுச் சீமை பற்றியெரிந்தது.

நம்ம திண்டுக்கல்? 1755-ல் ஹைதர் பவுஜ்தாராக வந்து உட்கார்ந்து, தன் பலத்தைப் பெருக்கிக்கொண்ட ஊர் அது. 1783-ல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1784-ல் மங்களூர் ஒப்பந்தம் போட்டு, திப்புவிடமே திருப்பிக் கொடுத்தது. கோட்டை கைமாறியது, ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடலூர் கதை இன்னும் கொடுமை. 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அங்கே மோதினார்கள். இரண்டு பக்கமும் நிறையப் பேர் செத்தார்கள். ஐரோப்பாவில் அந்த இரண்டு ராஜாங்கங்களும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டது ஜனவரி 20-ம் தேதி! சேதி கப்பலில் வந்துசேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இனி கார்ன்வாலிஸ். 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே பிரபு. 'அமெரிக்காவைத் தொலைத்த ஆள்' என்று பாடப்புத்தகம் அவரை அத்தோடு விட்டுவிடும். அவரோ 1786-ல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1790-ல் திப்புவோடு போர். திண்டுக்கல் மறுபடி கம்பெனி கையில். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் பாதி ராஜ்யத்தை எழுதி வாங்கியபோது, அந்தப் பட்டியலில் திண்டுக்கல்லும் இருந்தது. அங்கே சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போன கை, இங்கே வந்து பிடுங்கிக்கொண்டது.

அப்படியானால் அமெரிக்கர்களின் விடுதலைக்கு நாம் விலை கொடுத்தோமா? கொடுத்தோம் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அவர்களைக் குற்றவாளியாக்க முடியாது. மாஹியைப் பிடிக்கச் சொன்னது அவர்களல்ல. ஆனால் 'எங்கள் போர், எங்கள் மண்ணில் நடந்தது, யார்க்டவுனில் முடிந்தது' என்று சொல்வது பொய்க்கணக்கு. அன்றைய அமெரிக்கர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அல்லி' என்றே பேர் வைத்தார்கள். அப்புறம்தான் மறந்தார்கள்.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டையை 'திப்பு கோட்டை' என்கிறோம். 'வெள்ளைக்காரன் வந்து பிடிச்சான்' என்கிறோம். அந்த வெள்ளைக்காரன் படையில் பெரும்பாலானவர்கள் இந்த மண்ணின் சிப்பாய்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறதே என்று சேர்ந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். கோட்டைக்குள்ளே நின்றவனும் வெளியே நின்றவனும் யாருடைய சண்டைக்காகச் சுட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தெரியாமல் செத்ததால் அவர்களுடைய சாவு அந்தப் போரின் கணக்கில் வராது என்று எப்படிச் சொல்வது?

பூட்டு, பிரியாணி என்று திண்டுக்கல் போகிறவர்கள் அந்தப் பாறை மேலும் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கூட வருகிறவர் ஹைதர், திப்பு என்று சொல்லி முடித்ததும், கார்ன்வாலிஸ் யாரென்று கேளுங்கள்.