விலையின்றிப் பெறுவது இழிவாகுமா?

பெண்கள் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லலாம் என்னும் ஆணை, தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணைகளுள் அதுவும் ஒன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. பின்னர்த் திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும் அதில் சேர்க்கப்பெற்றனர். ‘விடியல் பயணம்’ என்னும் பெயரும் அதற்கு அமைந்தது. தில்லியில் 2019 அக்டோபரிலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் 2023 டிசம்பரிலும் இத்தகைய திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இவற்றின் அரசியலைப் பேசுவது நம் நோக்கமன்று. இவற்றின் அடியில் ஓர் அறவினா கிடக்கிறது. விலையின்றி ஒன்றைப் பெறுவோர், பெறுவதாலேயே தாழ்ந்துவிடுகிறார்களா என்பதே அவ்வினா.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ‘ஓசிப் பயணம்’ என்னும் சொல் தெருவில் வழங்குகிறது. கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் செவியில் அச்சொல் விழும்போது அவள் உள்ளம் குன்றுகிறது. உழைத்து உண்பதே உயர்வு, இரத்தல் இழிவு என்று நாமே நம் மாணாக்கர்க்குக் கற்பித்திருக்கிறோம். அக்கல்வி இங்கே பொருந்துமா என்று நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, கட்டணத்தைச் செலுத்துவோர் யார்? இத்திட்டம் தொடங்கியபோது, போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடுசெய்யப்படும் என்று அரசு அறிவித்தது. அப்பணம் மக்கள் வரிப்பணம். சோப்பு வாங்கும் பெண்ணும், கைப்பேசிக்குப் பணம் கட்டும் பெண்ணும் வரி செலுத்துகிறார்கள். தானும் நீர் ஊற்றிய குடத்திலிருந்து ஒரு குவளை மொண்டு குடிப்பவளை இரவலாட்டி என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டாவது, விலையின்றிப் பெறுவோர் அவள் ஒருத்திதானா? சென்னை அண்ணா மேம்பாலம் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்மீது செல்லும் கார்கள் சுங்கம் செலுத்துவதில்லை. தெருவிளக்கின் ஒளியில் நடப்போர் கட்டணம் கட்டுவதில்லை. அவர்களை எவரும் ஏளனம் செய்வதில்லை. காருடையார் சாலைவரி செலுத்துகிறாரே எனின், அஃது உண்மையே. ஆயினும் மூன்று கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு பேருந்து நின்று ஐம்பது அறுபது பேரைச் சுமக்கிறது. பொதுச் சொத்தாகிய சாலையில் மிகக் குறைந்த பங்கை எடுத்துக்கொள்பவள் பேருந்தில் நிற்கும் பெண்ணே அன்றோ?

மூன்றாவது, பயன் யாது? இத்திட்டத்தால் பெண்களுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. வசதியுள்ள இல்லங்களுக்கு இது சிறு தொகை. நாட்கூலிக்குச் செல்வோர்க்கு இதுவே பாலும் மருந்தும் பிள்ளையின் குறிப்பேடும் ஆகும். பணத்தினும் பெரிது ஒன்றுண்டு. வெளியே செல்ல ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த பெண், அந்நிலையினின்று நீங்கினாள். உணவு, மருந்து, கல்வி, அபயம் என நால்வகைத் தானங்களை நம் நெறி வகுக்கிறது. அச்சத்தை நீக்குவதும் கொடையே என்னும் கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

“தேவையின்றிச் சுற்றுகிறார்கள்” என்று சிலர் குறை கூறுவர். தேவை எது என்று அளப்பவர் யார்? திருமணமாகி வேற்றூர் சென்ற மகள், நோயுற்ற தாயை வாரம் ஒருமுறை கண்டு வருவது தேவையா, தேவையற்றதா? ஆடவர் தேநீர்க் கடைக்குச் செல்வதை நாம் அவ்வாறு எடைபோட்டதில்லையே!

எனினும் எதிர்வாதங்கள் அனைத்தையும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வசதி படைத்த பெண் கட்டணமின்றிச் செல்ல, அதே பேருந்தில் சுமை தூக்கும் ஏழை ஆடவர் பணம் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார். அவர் மனக்குறையில் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் லக்சம்பர்க் நாடு, 2020 பிப்ரவரி 29 முதல் பேருந்து, டிராம், தொடர்வண்டி ஆகியவற்றில் அனைவர்க்கும் கட்டணத்தை நீக்கியது. தொடர்வண்டியின் முதல் வகுப்புக்கு மட்டும் விலை வைத்தது. எல்லாரும் பெறும்போது எவரும் சுட்டப்படுவதில்லை. பள்ளியில் அனைவர்க்கும் சீருடை என்றவுடன் கந்தலுடுத்த பிள்ளையும் தலைநிமிர்ந்து அமர்ந்தது போன்றது அது. செல்வம் மிக்க சிறுநாட்டால் இயன்றதனைப் பெருமாநிலம் உடனே செய்தல் அரிது. பொருள் போதாதபோது ஊதியம் குறைந்தவர், பயணத்திற்குப் பிறரைச் சார்ந்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குவது முறையே. ஆயின் தொடக்கத்தையே முடிவாகக் கொள்ளலாகாது.

மற்றொரு குறையும் உண்டு. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்பதைக் கண்டு பேருந்து நில்லாமற் போகுமாயின், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பறித்ததாகும். நாளைக்கு இருமுறையே பேருந்து வரும் சிற்றூரில், கட்டணமின்மை பெயரளவில் நிற்கும். வராத வண்டிக்கு விலையில்லை என்பதால் யாருக்கு என்ன நன்மை?

ஆதலின் இழிவு பெறுதலில் இல்லை. அது கொடுக்கும் முறையில் புகுகிறது. நம் இல்லங்களில் தானம் செய்யும்போது, பெறுவோர் மனம் நோகாவண்ணம் பணிந்து கொடுக்க வேண்டும் என்று பெரியோர் பழக்கினர். கொடுத்துவிட்டுச் சொல்லால் சுடுவது கொடையன்று. அது நாவினாற் செய்யும் இம்சை. நடத்துநர்க்கும் உடன் பயணம் செய்வோர்க்கும் ஆட்சியில் அமர்ந்தோர்க்கும் இது பொருந்தும். பெறுவோர்க்கும் கடமை உண்டு. இருக்கையைக் கிழியாமல் காப்பதும், முதியோர்க்கு எழுந்து இடந்தருவதும், வாங்கிய சீட்டைப் பொறுப்புடன் வைத்திருப்பதும் பொதுப்பொருளுக்கு நாம் செலுத்தும் கட்டணங்களாகும்.

நம் பெண்மக்கள் பேருந்தில் ஏறும்போது நாணவேண்டுவதில்லை. நம் இல்லத்தார் எவரேனும் ‘ஓசி’ என்னும் சொல்லைப் பிறர்மீது வீசுவாராயின், அதனைத் தடுப்பது நம் கடமை. குழந்தைகள் செவியில் அச்சொல் பதியுமுன்னரே அதைச் செய்வோமாக.